விதைப் பணம் வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

ஸ்டார்ட்அப் முதலீடு பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதமும் வாட்ஸப்புமாகக் குவிந்துவிட்டது. பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2021-ல் என் கல்லூரி நண்பன் 14 ஸ்லைடு காட்டியே இரண்டு கோடி வாங்கினான். எனக்கு 40 வாடிக்கையாளர்கள், மாதம் மூன்று லட்சம் வருமானம். எட்டு மாதமாக அலைகிறேன், 'இன்னும் கொஞ்சம் வளர்ந்துட்டு வாங்க' என்கிறார்கள். அப்படி என்ன சார் மாறிவிட்டது?
— மென்பொருள் நிறுவனர், கோவை

பணத்தின் விலை மாறிவிட்டது. வென்சர் கேப்பிடல் ஃபண்ட் நடத்துகிறவர்கள் போடுவது பெரும்பாலும் அவர்கள் சொந்தக் காசு இல்லை. ஓய்வூதிய நிதிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், பெரும் பணக்காரக் குடும்பங்கள் ஆகியோரிடம் வாங்கி, பத்து வருடத்தில் பெருக்கித் தருகிறோம் என்று சொல்லிப் போடும் காசு அது. 2020 மார்ச்சிலிருந்து 2022 மார்ச் வரை அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். அரசுக் கடன் பத்திரத்தில் போட்டால் ஒன்றும் வராது என்ற நிலையில், கொஞ்சம் ரிஸ்க் எடுத்தாவது வளர்க்கலாம் என்று அந்தப் பணம் உலகம் முழுக்க ஓடியது. பெங்களூருக்கும் வந்தது, சென்னைக்கும் வந்தது, உங்கள் நண்பரின் 14 ஸ்லைடுக்கும் வந்தது.

2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கினார்கள். 2023 ஜூலையில் அது 5.25 – 5.50 சதவீதத்துக்குப் போய் நின்றது. அப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே ஐந்து சதவீதம் டாலரில் வந்தது என்றால், கோவையில் உள்ள ஒரு மென்பொருள் கம்பெனியில் பத்து வருடம் காசை முடக்க ஒருவர் ஏன் வரவேண்டும்? நடுவில் 2023 மார்ச் 10-ல், ஸ்டார்ட்அப்கள் அதிகம் கணக்கு வைத்திருந்த அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டது. நம் ஊர் நிறுவனர்கள் சிலரும் அதில் கணக்கு வைத்திருந்தார்கள், அந்த வார இறுதியில் அடுத்த மாதச் சம்பளம் போட முடியுமா என்று தவித்தார்கள். அப்புறம் பைஜூஸ். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட பெங்களூர் ஆன்லைன் கல்விக் கம்பெனி, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. கணக்கு சரியாக இருக்கிறதா, விற்ற சரக்குக்குக் காசு உண்மையிலேயே வந்ததா என்று பணம் திரட்டும் முதல் ரவுண்டிலேயே தோண்டிப் பார்க்கும் பழக்கம் இதற்கெல்லாம் பிறகு வந்ததுதான்.

ஆகவே முன்பு விற்பனையைப் பெருக்கப் பணம் திரட்டும் சீரிஸ் ஏ ரவுண்டில் கேட்ட கேள்விகளை, இன்று அதற்கு முந்தின விதைப் பணக் கட்டமான சீட் ரவுண்டிலேயே கேட்கிறார்கள். உங்கள் மூன்று லட்சம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அந்த 40 பேரில் எத்தனை பேர் இரண்டாவது வருடமும் பணம் கட்டினார்கள் என்பதுதான் எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனதில் ஓடும் கேள்வி. அதற்குப் பதில் உங்கள் ஸ்லைடில் இருக்கிறதா?

இரண்டு வருடம் முன்பு பீளமேட்டில் ஒரு டீக்கடையில் ஓர் இளைஞர் என்னைச் சந்தித்தார், லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. பையிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்தார், கடையில் சிட்டை எழுதுவார்களே, அதே மாதிரி. வாடிக்கையாளர் பெயர், சேர்ந்த மாதம், கட்டிய தொகை, அப்புறம் சிவப்பு மையில் ஒரு பத்தி: விட்டுப் போனவர்கள், ஏன் போனார்கள். 'கணக்குப்பிள்ளைக்குத் தமிழில் பில் வேணும்னார், எங்களிடம் இல்லை.' 'ஓனர் மகன் வேற சாஃப்ட்வேர் வாங்கிட்டார்.' இப்படி 11 பேர். அந்தச் சிவப்பு மைப் பத்திக்காகத்தான் நான் என் சிறு தொகையை அவரிடம் போட்டேன். போனவர்கள் ஏன் போனார்கள் என்று தெரிந்தவருக்கு, இருப்பவர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்றும் தெரியும். நீங்களும் அந்தப் பத்தியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏஞ்சல், ப்ரீ சீட், சீட், வி.சி. எல்லாம் ஒன்றா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஒன்றில்லை தம்பி. ஏஞ்சல் என்பவர் சொந்தக் காசைப் போடுகிற தனி மனிதர். சிலர் தனியாகப் போடுவார்கள், சிலர் 2007-லிருந்து இயங்கும் தி சென்னை ஏஞ்சல்ஸ் போன்ற குழுவில் சேர்ந்து போடுவார்கள். வி.சி. என்பது மற்றவர் காசை நிர்வகிக்கிற ஃபண்ட். ப்ரீ சீட், சீட், சீரிஸ் ஏ எல்லாம் எந்தக் கட்டத்தில் காசு வருகிறது என்பதற்கான பெயர்கள். பொருள் செய்து பார்க்க, அதை விற்றுப் பார்க்க, விற்பதைப் பெருக்க என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாற்றத்தை மட்டும் குறித்து வையுங்கள். ஏஞ்சல்களின் காசைச் சேர்த்துப் போடும் ஏஞ்சல் ஃபண்டுகள் ஒரு ஸ்டார்ட்அப்பில் குறைந்தது 25 லட்சமாவது போடவேண்டும் என்று இருந்த விதியை, 2025-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 10 லட்சமாகக் குறைத்தது. அதே சமயம் வருமானம், சொத்து ஆகியவற்றைக் காட்டி அங்கீகாரம் பெற்ற முதலீட்டாளர்கள் மட்டுமே இந்த ஃபண்டுகளில் சேரலாம் என்றும் இறுக்கியது. சின்னத் தொகை கேட்கிறவர்களுக்குக் கதவு அகலமாகியிருக்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் இனி வசதி உள்ளவர்களாக இருப்பார்கள்.

சிறுதானிய நூடுல்ஸ் செய்து விற்கிறேன். மாதம் ஆறு லட்சம் விற்பனை, செலவெல்லாம் போக 70 ஆயிரம் நிற்கும். ஒரு முதலீட்டாளர் குழு 50 லட்சம் தருகிறது, 20 சதவீதப் பங்கு கேட்கிறது. எனக்கு உடனடித் தேவை 18 லட்சத்துக்கு ஒரு மெஷின். வீட்டில் எல்லோரும் வந்த லட்சுமியை விடாதே என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகி, திண்டுக்கல்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மற்றக் கேள்விகளை விட இதற்குத்தான் அதிகம் யோசித்தேன், நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 50 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால், பணம் வந்த பிறகு உங்கள் கம்பெனியின் மதிப்பு இரண்டரைக் கோடி, அதற்கு முன் இரண்டு கோடி. வருடத்துக்கு எட்டு லட்சத்துச் சொச்சம் லாபம் பார்க்கும் தொழிலுக்கு அது மோசமான மதிப்பு இல்லை. ஆனால் தருகிறவர் அந்தக் காசை எப்படித் திரும்ப எடுக்கப் போகிறார் என்பதை நீங்கள் பார்க்கவேண்டும்.

நூறு கோடி ரூபாய் ஃபண்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்கள் 25, 30 கம்பெனிகளில் போடுவார்கள். அதில் பாதிக்கு மேல் போன காசு போனதுதான், இது அவர்களுக்கே தெரியும். சில போட்டதைத் திருப்பித் தரும். ஒன்றோ இரண்டோதான் மொத்த ஃபண்டையும் காப்பாற்றவேண்டும். ஒரு கம்பெனியில் 20 சதவீதம் வாங்கினால், அடுத்தடுத்த ரவுண்டுகளில் புதியவர்களுக்குப் பங்கு கொடுக்கக் கொடுக்கக் கரைந்து அது 10 சதவீதமாகிவிடும் என்று வையுங்கள். அந்த 10 சதவீதம் மட்டும் நூறு கோடியைத் திருப்ப வேண்டுமானால் கம்பெனி ஆயிரம் கோடிக்குப் போகவேண்டும். ஆகவே அவர்கள் போடும் ஒவ்வொரு இடத்திலும், இது ஆயிரம் கோடி ஆகுமா என்றுதான் பார்ப்பார்கள். குழுவாகச் சேர்ந்து போடும் ஏஞ்சல்களின் கணக்கு இதைவிடச் சின்னது, ஆனாலும் கணக்கின் வடிவம் இதேதான்.

நல்ல லாபத்தில், நிதானமாக, வருடம் 20 சதவீதம் வளர்கிற தொழில் அவர்களுக்கு உதவாது. உங்களுக்கு உதவும், உங்களிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு உதவும், உங்கள் பிள்ளைகளுக்கு உதவும். அவர்களுக்கு உதவாது. இதில் யார் மேலும் குற்றமில்லை. நாற்று நடுகிறவருக்கும் தென்னை வைக்கிறவருக்கும் தேவைப்படும் தண்ணீர் வேறு, காத்திருக்கும் காலம் வேறு.

இன்னொன்று, முதலீட்டின் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதித் தரும் டெர்ம் ஷீட்டில் 'எக்ஸிட்' என்று ஒரு பத்தி இருக்கும், அதைக் கண்டிப்பாகப் படியுங்கள். ஐந்தோ ஏழோ வருடத்துக்குள் முதலீட்டாளர் வெளியேற நிறுவனர் வழி செய்யவேண்டும், இல்லையென்றால் கம்பெனியோ நிறுவனரோ அவர் பங்கைத் திரும்ப வாங்கவேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதுவார்கள். 50 லட்சம் அன்றைக்கு எத்தனை கோடியாகக் கேட்கப்படும், அதை நூடுல்ஸ் விற்று எடுக்க முடியுமா என்று இப்போதே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

சரி, மெஷினுக்கு என்ன வழி? குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கு மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் வங்கிக் கடனோடு சேர்த்து 35 சதவீத மானியம் உண்டு, அதிகபட்சம் 10 லட்சம். உங்கள் 18 லட்சத்துக்கு அது 6 லட்சத்து 30 ஆயிரம். விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். மீதிக்குக் கடன் வாங்கினால் வட்டி கட்டவேண்டும், உண்மைதான். ஆனால் கடன் ஒரு நாள் முடியும். விற்ற பங்கு முடியாது, உங்கள் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றைக்கும் அவர்களுடையது.

இல்லை, எனக்கு ஆயிரம் கோடிதான் ஆசை, இந்தியா முழுக்கக் கடைகளில் என் பாக்கெட் இருக்கவேண்டும் என்று உங்கள் மனது சொல்கிறதா? அப்படியென்றால் தயங்காமல் வாங்குங்கள், அதற்கு இந்தப் பணம்தான் சரி. இரண்டு வழிக்கும் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஸோஹோ இன்றுவரை வி.சி. பணம் வாங்காமல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை வரை ஆபீஸ் வைத்திருக்கிறது. அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த கிரிஷ் மாத்ருபூதம் கூட்டாளியோடு 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், ஆக்ஸெல் போன்ற ஃபண்டுகளின் காசில் வளர்ந்து 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை நாஸ்டாக்கில் பங்கு 36 டாலருக்கு விற்று 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. இரண்டு பேருமே தங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்து முடிவெடுத்தார்கள். வீட்டில் சொல்கிறார்கள் என்பதற்காக மட்டும் நீங்கள் வாங்கவேண்டாம்.

அமெரிக்காவில் உள்ள என் பழைய மேலாளர் 'சேஃப்' என்ற ஐந்து பக்கப் பத்திரத்தை அனுப்பி, கையெழுத்துப் போடு, பணம் அனுப்புகிறேன் என்கிறார். இங்கே என் ஆடிட்டர் இது செல்லாது என்கிறார். யார் சொல்வது சரி?
— நிறுவனர், பெருங்குடி, சென்னை

ஆடிட்டர் சொல்வதைக் கேளுங்கள். சேஃப் என்பது, புது ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்து வளர்க்கும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் 2013 கடைசியில் கொண்டுவந்த பத்திரம். இன்று பணம் கொடு, பங்கு எத்தனை என்பதை அடுத்த ரவுண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் சாரம். வட்டி கிடையாது, கெடுத் தேதி கிடையாது. இந்தியக் கம்பெனிச் சட்டத்தில் அது பங்காகவும் நிற்காது, கடனாகவும் நிற்காது. பங்கு ஒதுக்காமல் கையில் வைத்திருக்கும் பணத்தை 'டெபாசிட்' என்று பார்த்தால் உங்களுக்குத்தான் வம்பு. வெளிநாட்டிலிருந்து வருவதால் ரிசர்வ் வங்கி விதிகளும் சேர்ந்துகொள்ளும். இங்கே அதற்கு இரண்டு வழி. ஒன்று, 2019-ல் மும்பையின் 100எக்ஸ்.வி.சி. ஃபண்ட் பரப்பிய ஐசேஃப். அது சட்டப்படி கட்டாயமாகப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு. இன்னொன்று, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரமான கன்வெர்ட்டிபிள் நோட். அதற்கு உங்கள் கம்பெனி மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டி.பி.ஐ.ஐ.டி.யின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்பாக இருக்கவேண்டும், ஒருவர் ஒரே தவணையில் 25 லட்சமாவது தரவேண்டும், பத்து வருடத்துக்குள் அது பங்காக மாறவேண்டும் அல்லது திருப்பித் தரவேண்டும்.

எந்தப் பத்திரமானாலும், சுலபமாக இருக்கிறது என்பதற்காக அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். நான் நேரில் பார்த்த தவறு இதுதான். 2018-க்குப் பிறகு வந்த சேஃப் வடிவத்தில், போட்டவருக்கு எத்தனை சதவீதம் என்பது போடும்போதே கிட்டத்தட்ட உறுதியாகிவிடும், நிறுவனர்தான் அதைக் கவனிப்பதில்லை. பங்கைக் கணக்கிட கம்பெனிக்கு வைக்கும் உச்ச மதிப்பு ஐந்து கோடி என்று 50 லட்சம் வாங்கினால் 10 சதவீதம். ஆறு மாதம் கழித்து ஆறு கோடியில் 60 லட்சம், இன்னொரு 10. அப்புறம் ஏழரைக் கோடியில் 75 லட்சம், இன்னொரு 10. முதலில் போட்டவரின் பங்கை இரண்டாமவர் கரைப்பதில்லை, மூன்றும் நிறுவனர்கள் பங்கிலிருந்தே போகும். அடுத்து முறையான சீட் ரவுண்டில் புது முதலீட்டாளருக்கு 20 சதவீதம், ஊழியர் பங்குக்கு 10 சதவீதம் ஒதுக்கினால், மீதி 70-ல் உங்களுடையது 70 சதவீதம், அதாவது 49. நீங்கள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 24.5. சீரிஸ் ஏ இன்னும் வரவே இல்லை, அதற்குள் இது! ஒவ்வொரு பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்றும் இந்தக் கணக்கை எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

சித்தப்பா 15 லட்சம் தருகிறார், பங்கு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஏஞ்சல் டாக்ஸ் வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— மதுரை வாசகர்

அந்த வரி 2012-ல் வந்தது. கம்பெனியின் நியாய மதிப்புக்கு மேல் விலை வைத்துப் பங்கு விற்றால், அதிகப்படியை வருமானமாகக் கருதி வரி போடுவார்கள். இன்னும் லாபமே பார்க்காத கம்பெனிக்கு நியாய மதிப்பு என்ன என்று அதிகாரியும் நிறுவனரும் மல்லுக்கட்டியே பல வருடங்கள் போயின. 2024 ஜூலை பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அதை எல்லா வகை முதலீட்டாளர்களுக்கும் ரத்து செய்தார். அந்தப் பயம் இனி வேண்டாம். ஆனால் சித்தப்பாவுக்கு அந்த 15 லட்சம் எப்படி வந்தது என்று வருமான வரித்துறை கேட்டால் காட்டத் தாள் வேண்டும். பணம் வங்கி வழியாகவே வரட்டும்.

அப்புறம் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்கும்போது பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வாங்கவேண்டும். 60 நாளுக்குள் பங்கை ஒதுக்கவேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள், பங்கு ஒதுக்கியதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பி.ஏ.எஸ்-3 படிவம் தாக்கல் செய்யவேண்டும், அதுவரை அந்தக் காசைத் தொடக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் மாமா கொடுத்த எட்டு லட்சத்தை வந்த அன்றே சம்பளத்துக்கும் வாடகைக்கும் எடுத்துவிட்டார்கள், படிவத்தை ஐந்து மாதம் கழித்துப் போட்டார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு ஃபண்ட் உள்ளே வந்து ஃபைல்களைப் புரட்டியபோது இது வெளியே வந்தது. அபராதம், வக்கீல் செலவு எல்லாம் ஒரு பக்கம் இருக்க, ரவுண்டு முடிய நான்கு மாதம் தள்ளிப் போனது. அந்த நான்கு மாதத்தில் இரண்டு நல்ல ஊழியர்கள் கிளம்பிவிட்டார்கள். சொந்தக்காரர்தானே என்று வாய் வார்த்தையில் விடாதீர்கள். சித்தப்பாவுக்கும் அதுதான் பாதுகாப்பு, காசு மொத்தமும் போகலாம் என்பதையும் அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

டான்சீட், மத்திய அரசு சீட் ஃபண்ட், இரண்டில் எது நல்லது?
— தஞ்சாவூர் வாசகர்

முதலில் டான்சீட். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு தருவது, அண்மைப் பதிப்புகளில் 10 லட்சம். பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், ஊரகத் தொழில் என்றால் 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். காசைவிட, அரசு எங்களைத் தேர்ந்தெடுத்தது என்று அடுத்த முதலீட்டாளரிடம் சொல்ல முடிகிறதே, அதற்கு மதிப்பு அதிகம். ஒவ்வொரு பதிப்புக்கும் விதிகளைத் திருத்துவார்கள், அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் 2021-ல் 945 கோடியோடு தொடங்கியது. மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ மாற்றத்தக்க கடன் பத்திரமாகவோ. புதுக் கம்பெனிகளை இடமும் வழிகாட்டலும் கொடுத்து வளர்க்கும் இன்குபேட்டர் வழியாகத்தான் கிடைக்கும், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று அங்கேயே கேளுங்கள், விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்கு இரண்டு வயதுக்குள் இருக்கவேண்டும். இந்த வயதுக் கணக்குத் தெரியாமல் தவறவிட்டவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. கம்பெனி பதிவு செய்த தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஏ.ஐ. வந்துவிட்டது, இனி நான்கு பேர் போதும், முதலீடே தேவையில்லை என்கிறார்களே?
— ஈரோடு வாசகர்

பாதி உண்மை. 2006-ல் அமேசான் கிளவுட் வந்தபோதும் இதே மாதிரி நடந்தது. அதுவரை சர்வர் வாங்கவே லட்சக்கணக்கில் வேண்டும், அதன் பிறகு மாத வாடகைக்குக் கிடைத்தது. சின்னத் தொகையில் கம்பெனி தொடங்கலாம் என்றானது, சீட் முதலீடு தனித் தொழிலாக வளர்ந்ததற்கு அது பெரிய காரணம். இப்போது கோட் எழுதும் செலவு குறைகிறது. தான் 2025 குளிர்கால பேட்ச்சில் சேர்த்த கம்பெனிகளில் கால்வாசியின் கோடில் 95 சதவீதம் ஏ.ஐ. எழுதியது என்று ஒய் காம்பினேட்டரே சொன்னது.

ஆனால் உங்களுக்கு நான்கு பேர் போதும் என்றால் பக்கத்துத் தெருக்காரருக்கும் நான்கு பேர் போதும். நீங்கள் இரண்டு மாதத்தில் செய்ததை அவர் ஆறு வாரத்தில் செய்துவிடுவார். அதனால்தான் ஈரோட்டு ஜவுளிக் கடைக்காரர் உங்களை நம்பித் தன் ஸ்டாக் கணக்கைக் கொடுப்பாரா, தீபாவளிக்கு முந்தின இரவு சிஸ்டம் நின்றால் போனை எடுப்பீர்களா என்று முதலீட்டாளர் பார்க்கிறார். அதற்கு ஆள் வேண்டும், காலம் வேண்டும், கொஞ்சம் காசும் வேண்டும்.

ஆழ்ந்த தொழில்நுட்பத்தில் கதை நேர் எதிர். ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் 2017-ல் தொடங்கி 2024 மே 30-ல்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் ராக்கெட்டைப் பறக்கவிட்டது. அந்த மாதிரி வேலைக்கு ஏழு வருடம் பொறுக்கும் பணம் வேண்டும். சென்னையின் ஸ்பெஷியேல் இன்வெஸ்ட் போன்ற ஃபண்டுகள் ஆரம்பத்திலேயே அதில் போட்டன. 2025 ஜூலையில் மத்திய அரசு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு ஆராய்ச்சி நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததும் இந்தப் பொறுமைக்காகத்தான். மென்பொருளில் குறையும் பணம் இந்தப் பக்கம் திரும்புவதை நான் மனதார வரவேற்கிறேன்.

நான் நிறுவனர் இல்லை, ஊழியர். எனக்கு 1 சதவீதப் பங்கு தந்திருந்தார்கள். கம்பெனி 25 கோடிக்கு விற்றது. 25 லட்சம் வரும் என்று வீட்டுக் கடனை அடைக்கத் திட்டம் போட்டிருந்தேன். எட்டு லட்சத்துச் சொச்சம்தான் என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
— ஓசூர் வாசகர்

நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு முன்பே யாரும் அதை விளக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். முதலீட்டாளர்கள் 20 கோடி போட்டு 40 சதவீதம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 'லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்' உண்டு. விற்ற காசில் போட்ட தொகையை முதலில் எடுக்கலாம், அல்லது தங்கள் சதவீதத்தை எடுக்கலாம், எது அதிகமோ அது. 25 கோடியில் 40 சதவீதம் 10 கோடிதான், அதனால் 20 கோடியை எடுத்துக்கொண்டார்கள். மீதி 5 கோடி, மற்ற 60 சதவீதம் வைத்திருப்பவர்களுக்கு. அறுபதில் ஒன்று உங்களுடையது, 8 லட்சத்து 33 ஆயிரம். பங்கை எடுக்கக் கட்டவேண்டிய விலையும் வரியும் இருந்தால் அதிலும் குறையும்.

இது ஒரு மடங்கு பிரிஃபரன்ஸ், நல்ல ஒப்பந்தம் என்றே சொல்லவேண்டும். இரண்டு மடங்கு இருந்திருந்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. காசு கிடைப்பது கடினமான காலங்களில், மதிப்பை உயர்த்திச் சொல்லி இந்தப் பத்தியைக் கடுமையாக எழுதிவிடுவார்கள். நிறுவனர்கள் வெளியே சொல்லிக்கொள்ள அந்தப் பெரிய மதிப்பைப் பிடித்துக்கொண்டு இதில் விட்டுக்கொடுப்பார்கள். அதன் சுமை உங்களைப் போன்றவர்கள் தலையில் விழுகிறது. அடுத்த வேலையில் பங்கு தருகிறோம் என்றால் சதவீதத்தோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள்: இதுவரை மொத்தம் எத்தனை கோடி வாங்கியிருக்கிறீர்கள், பிரிஃபரன்ஸ் எத்தனை மடங்கு? சொல்லத் தயங்கினால் அந்தப் பங்கைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு ஃபண்டில் நான்கு மாதமாக 'டச்ல இருப்போம்' என்கிறார்கள். நான்கு முறை கூடுதல் விவரம் அனுப்பிவிட்டேன். காத்திருக்கலாமா? கையில் ஐந்து மாதச் செலவுக்குக் காசு இருக்கிறது.
— நிறுவனர், சேலம்

அது வேண்டாம் என்ற பதில்தான். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், நாளை நீங்கள் பெரிதாக வளர்ந்தால் கதவு திறந்திருக்கவேண்டுமே. ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், மூன்று வரி போதும்: இந்தத் தேதிக்குள் ரவுண்டை முடிக்கிறோம், உங்கள் முடிவு என்ன, வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

ஐந்து மாதக் காசு என்பது உண்மையில் இரண்டு மாதக் காசு. டெர்ம் ஷீட் கையில் வந்த பிறகும் ஃபைல் பார்ப்பது, பத்திரம் எழுதுவது என்று பணம் கணக்கில் ஏற மூன்று மாதம் ஆகிவிடும். ஆகவே இந்த வாரமே இரண்டு வேலை செய்யுங்கள். இருக்கும் வாடிக்கையாளர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி என்று கேளுங்கள். நான்கு பேர் சரி என்றால்கூட உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், அடுத்த முதலீட்டாளரிடம் காட்ட அதைவிட நல்ல தாள் வேறு இல்லை. இரண்டாவது, கூட வேலை பார்க்கும் ஆறு பேரிடமும் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் இருக்கிறது. பத்தில் எத்தனை பேர் கட்டினார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.